கூட்டம் வந்த இரவில் கடை ஏன் மூடிக்கொண்டது?

“தம்பி, ரேடியோல இனிமே என் கடையைப் பத்திப் பேசாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த ஓர் இரவில் அக்கா தொலைபேசியில் சொன்னது இது. அன்று மாலை நிகழ்ச்சியில், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் மூன்று குடும்பங்களைப் பற்றிப் பேசியிருந்தேன். மூன்றாவது, கிள்ளானில் இருக்கும் என் அக்காவின் கடை. சொந்த அக்கா கடைதான் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் இணைய முகவரியைப் படித்தேன். நேயர்கள் ஆர்வத்தோடு உள்ளே போனார்கள். ஐந்தே நிமிடத்தில் அக்காவின் இணையக் கடை படுத்துவிட்டது.

அச்சு முறுக்கின் படம் பாதி வந்து நின்றது. பிறகு வெறும் வெள்ளைத் திரை. சிலருக்கு அதைவிட மோசம். வங்கியிலிருந்து பணம் கழிந்துவிட்டது, ஆர்டர் பதிவாகவில்லை. அந்த இணையக் கடையைக் கட்டிக்கொடுத்தவன் என் சித்தி மகன், கணினிப் பொறியாளன். சைபர்ஜெயாவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரம் நிறுத்தி, மடிக்கணினியைத் திறந்து சர்வரை மறுபடி முடுக்கிவிட்டான். எழுந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி விழுந்தது. இரவு பதினொரு மணிக்குமேல் கடை நன்றாக வேலை செய்தது. வாங்கத்தான் ஆளில்லை.

அடுத்த இரண்டு நாள் அக்காவும் அத்தானும் அடுப்பையே பற்றவைக்கவில்லை. வங்கிக் கணக்கைப் பார்த்து, ஒவ்வொரு வாடிக்கையாளராக அழைத்து, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பணம் திரும்பிவிட்டது. அந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பினார்களா என்றால், இல்லை.

ஆள் வராத கடைக்கு விளம்பரம் மருந்தாகலாம். ஆள் வந்தும் திறக்க முடியாத கடைக்கு விளம்பரம் விஷம். அன்று அந்த விஷத்தைக் கொடுத்தவன் நான்.

தீபாவளி முடிந்ததும் ஒரு மென்பொருள் நிறுவனம் அக்காவுக்குக் கொட்டேஷன் அனுப்பியது. “கொள்கலன் ஒருங்கியக்கம்”, ஆங்கிலத்தில் கண்டெய்னர் ஆர்கெஸ்ட்ரேஷன், இருந்தால் இனி இந்தப் பிரச்சினையே வராது என்றது. அவர்கள் கேட்ட தொகை ஒரு புதிய மைவி காரின் விலையில் பாதி. “இது என்னடா, வாங்கலாமா வேண்டாமா?” என்று அக்கா கேட்டார். ஊடகவியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சித்தி மகனையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இணையத்தில் விற்கிற, அல்லது விற்க நினைக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இது உதவும்.

பெட்டியின் கதை

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் டேலி கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணினி என்றால் விலகிப் போகிறவர், கொள்கலன் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கொள்கலன் வருவதற்கு முன் சாக்கு மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, இரும்புக் கம்பி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஒவ்வொன்றையும் தூக்க வேறு வேறு ஆள், வேறு வேறு முறை. கப்பல் கடலில் ஓடிய நாட்களைவிடக் கரையில் காத்திருந்த நாட்களே அதிகம் என்ற நிலைகூட இருந்தது.

1956 ஏப்ரல் 26ஆம் நாள் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரே அளவு. அதனால் ஒரே பாரந்தூக்கி போதும். ஒரு டன் சரக்கைக் கப்பலில் ஏற்ற அதுவரை ஏறத்தாழ 5 டாலர் 86 சென்ட் ஆனது. அந்தக் கப்பலில் அது 16 சென்ட்டுக்கும் குறைந்தது. நம் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் 1973இல் வந்தது. “நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பழைய வார்ஃப்ல இன்னும் மூட்டைதான். பொட்டி வந்து எல்லாத்தையும் மாத்திருச்சு” என்றார் அப்பா.

மென்பொருள் உலகத்துக்கும் இதே தலைவலி இருந்தது என்றான் சித்தி மகன். ஒரு செயலி ஓட வேண்டுமானால் அதற்கென்று துணை நிரல்கள் வேண்டும், குறிப்பிட்ட பதிப்புகள் வேண்டும், அமைப்புகள் வேண்டும். எழுதியவரின் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருக்கும். வேறொரு சர்வரில் ஏற்றினால் ஏதாவது ஒன்று இல்லாமல் போகும். “என் மெஷின்ல ஓடுதே!” என்பது பொறியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த சாக்கு.

மென்பொருள் கொள்கலன் அதற்குத் தீர்வு. செயலியையும் அதற்கு வேண்டிய அத்தனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறார்கள். அது எந்தச் சர்வரில் இறங்கினாலும் ஒரே மாதிரி ஓடும். இந்த நுட்பத்தின் வேர்கள் பழையவை. 2013இல் வந்த ‘டாக்கர்’ என்ற மென்பொருள்தான் அதைச் சாதாரணப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் ஒரு கணினியைப் பல ‘மெய்நிகர்க் கணினி’களாகப் பிரிக்கும் முறை இருந்தது. அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் தரைவீடு கட்டுவது போல. தனி அடித்தளம், தனிக் கூரை. கொள்கலன் அடுக்குமாடி வீடு போல. அடித்தளம் பொது, வீட்டுக்குள் மட்டும் தனி. அதனால் இடம் குறைவு, செலவும் குறைவு. ஒரு புதுக் கொள்கலன் சில விநாடிகளில் எழுந்து நிற்கும்.

பெட்டி மட்டும் போதாது

“பொட்டி இருந்தா ஆச்சா?” என்று அப்பா இடைமறித்தார். “எந்தப் பொட்டி எங்க போகணும்னு பிளான் போடுறவன் இல்லாட்டி யார்டே நாறிடும்.”

கனமான பெட்டி கப்பலின் அடியில் போக வேண்டும். முதலில் இறங்க வேண்டியது மேலே இருக்க வேண்டும். இறைச்சி இருக்கும் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் மின் இணைப்பு வேண்டும். கிள்ளான் துறைமுகம் 2023இல் இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 14 மில்லியன் கொள்கலன்களைக் கையாண்டது. திட்டமிடுபவர் இல்லாமல் இது ஒருநாள்கூட நடக்காது.

“மாமா சொன்னதுதான் ஒருங்கியக்கம்” என்றான் சித்தி மகன். ஒரு பெரிய நிறுவனத்தின் செயலி ஆயிரக்கணக்கான கொள்கலன்களில் ஓடும். எதை எந்தக் கணினியில் வைப்பது, எத்தனை நகல் வைப்பது, ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது, வரும் வாடிக்கையாளரை எந்த நகலுக்கு அனுப்புவது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. கூகுள் நிறுவனம் இதற்காக ‘போர்க்’ என்ற மென்பொருளைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. வாரந்தோறும் 2 பில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைத் தொடங்குவதாக 2014இல் அந்நிறுவனமே சொன்னது. அந்த அனுபவத்தை வைத்து அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதிய மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. அதன் பெயர் குபெர்னெட்டிஸ். இன்று இந்தத் துறையில் பெரும்பாலோர் பயன்படுத்துவது அதைத்தான்.

குபெர்னெட்டிஸ் என்பது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள். அதனால்தான் அதன் சின்னமும் ஒரு கப்பல் சக்கரம். தமிழில் இதற்கு மீகாமன் என்று அழகான பழைய சொல் இருக்கிறது. குபெர்னெட்டிஸ் வெளிவந்த அதே 2014ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஆர்யா நடித்த ‘மீகாமன்’ படமும் வந்தது. வானொலிக்காரனுக்கு இப்படித்தான் ஞாபகம் வரும், மன்னியுங்கள்.

இந்த மீகாமனுக்கு வேலை சொல்லும் விதம்தான் முக்கியம். “இதைச் செய், பிறகு அதைச் செய்” என்று அதற்குப் படிப்படியாகச் சொல்வதில்லை. “என் கடை எப்போதும் மூன்று நகலாக ஓட வேண்டும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். எழுதியதும் நடப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மூன்று இரண்டானால், யாரும் சொல்லாமலே மூன்றாவதை எழுப்பும்.

மௌனத்தைக் கவனிக்கும் காது

இது எனக்கு உடனே புரிந்தது. வானொலியில் மௌனத்தைப் போல அஞ்சத்தக்கது வேறில்லை. அதனால் ஒலிபரப்பு நிலையங்களில் மௌனத்தைக் கண்டறியும் கருவி வைப்பார்கள். அலைவரிசையில் குறித்த விநாடிகளுக்குமேல் சத்தம் இல்லையென்றால், அறிவிப்பாளர் தண்ணீர் குடிக்கப் போனாரா, கணினி நின்றுவிட்டதா என்றெல்லாம் அது கேட்பதில்லை. மாற்று ஒலிக்கு மாறிவிடும். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

குபெர்னெட்டிஸிலும் அப்படி ஒரு காது உண்டு. ஒவ்வொரு கொள்கலனையும் “இருக்கிறாயா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்படி அமைக்கலாம். வேறு அளவு சொல்லாவிட்டால் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் அந்தக் கொள்கலனை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

அக்கா கடையில் அன்று இரவு இந்தக் காது வேலையைச் செய்தது யார்? காரை ஓரம் நிறுத்திய சித்தி மகன். அவன் தூங்கிக்கொண்டிருந்தால் காலைவரை கடை இல்லை.

வியாபாரிக்கு என்ன லாபம்?

முதல் லாபம், கூட்டத்துக்கு ஏற்ற செலவு. அக்காவுக்கு ஆண்டில் பத்து மாதம் சிறு கூட்டம். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள் பெருங்கூட்டம். தீபாவளி அளவுக்குச் சர்வரை வாடகைக்கு எடுத்தால் பத்து மாத வாடகை வீண். சாதாரண நாள் அளவுக்கு எடுத்தால் தீபாவளியன்று கடை விழும். குபெர்னெட்டிஸ் வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை சுமையைப் பார்த்து, நகல்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கூட்டம் வந்தால் கவுண்டர் கூடும், கலைந்தால் குறையும். சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனங்களோடு இது சேரும்போது செலவும் கூட்டத்தோடு ஏறி இறங்கும்.

இரண்டாவது, கடையை மூடாமலே புதுப்பிப்பது. இங்கே சித்தி மகன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டான். அன்று என் நிகழ்ச்சிக்கு அரைமணி நேரத்துக்கு முன்புதான், அக்கா கேட்டார் என்று புதிய தள்ளுபடியைச் சேர்த்திருக்கிறான். அதில் ஒரு சிறு பிழை. சர்வரின் நினைவகத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கூட்டம் குறைவாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. “பழைய பதிப்புக்குத் திரும்பலாம்னு பார்த்தேன் அண்ணே. எங்க வெச்சேன்னு தேடவே இருபது நிமிஷம் ஆயிடுச்சு.”

ஒருங்கியக்கத்தில் புதிய பதிப்பு ஒரே மூச்சில் போகாது. வழக்கமான அமைப்பில், நகல்களில் கால் பங்கு கால் பங்காக மாறும். புதியது ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் அடுத்த பங்கு நகரும். சிக்கல் தெரிந்தால் ஒரே கட்டளையில் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். முன்பெல்லாம் பல நிறுவனங்கள் புதுப்பிப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்து, “பராமரிப்புப் பணி” என்று அறிவிப்பு மாட்டுவார்கள். அப்படிச் செய்யாமல், பகலிலேயே அஞ்சாமல் சிறு சிறு மாற்றங்களைச் செய்ய முடிவது பெரிய வியாபாரப் பலம். போட்டியாளர் இன்று விலையைக் குறைத்தால் நீங்கள் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, இருக்கும் கணினிகளை முழுமையாகப் பயன்படுத்துவது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சர்வர் என்று வைத்தால் பெரும்பாலானவை பாதி தூங்கும். பல செயலிகளை ஒரே கணினியில் நெருக்கி அடுக்கினால் குறைந்த கணினிகளே போதும். இந்த லாபம் பல செயலிகள் வைத்திருக்கும் நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கே அதிகம்.

நான்காவது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் வீடு மாறும் சுதந்திரம். குபெர்னெட்டிஸ் ஒரு நிறுவனத்தின் சொத்து அல்ல. 2015இல் முதல் முழுப் பதிப்பு வந்தபோது கூகுள் அதை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் உள்ள ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்தது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என எல்லாப் பெரிய கிளவுட்களிலும் அது ஓடும். அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் கிளவுட் வட்டாரத்தைத் திறந்தது. சிங்கப்பூரில் செயலியை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் இங்கே மாற நினைத்தால், கொள்கலன்களாகக் கட்டி வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். ஆனால் சேர்ந்திருக்கும் தரவை நகர்த்துவது அப்போதும் சிரமம்தான்.

ஐம்பது மடங்குக் கூட்டம்

2016இல் போக்கிமோன் கோ விளையாட்டு வந்தது நினைவிருக்கும். ஆகஸ்டில் மலேசியாவுக்கு வந்தபோது பூங்காக்களில் இளையர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது அறிமுகமான 15 நிமிடத்திலேயே கூட்டம் எதிர்பார்ப்பைத் தாண்டிவிட்டது. மிக மோசமான நிலையில் திட்டமிட்டதைப்போல 5 மடங்குக் கூட்டம் வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்களாம். வந்தது 50 மடங்கு. அந்த விளையாட்டு கூகுளின் குபெர்னெட்டிஸ் சேவையில் ஓடியது. முதல் நாட்களில் அதுவும் தடுமாறியது, பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆனாலும் கணினிகளைச் சேர்த்துச் சேர்த்து வளர முடிந்ததால் பிழைத்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தடுமாற்றம்தான். ஒருங்கியக்கம் இருந்தால் எதுவுமே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழுவது சிறிதாக இருக்கும், எழுவது விரைவாக இருக்கும். வியாபாரிக்கு அது போதும்.

எதை இது தீர்க்காது?

2023 அக்டோபர் 14ஆம் நாள் சிங்கப்பூரில் இரண்டு பெரிய வங்கிகளின் சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் முறையில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம். ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பிறகு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கணினிகள் இருக்கும் கட்டடமே சூடாகிவிட்டால், அதே கட்டடத்தில் பத்து நகல் இருந்தும் பயனில்லை. நகல்களை வெவ்வேறு கட்டடங்களில் வைக்க வேண்டும். அதைத் திட்டமிட்டு வைக்க வேண்டியவர்கள் மனிதர்களே.

தரவுத்தளமும் அப்படித்தான். கடையின் முகப்பைப் பத்து நகலாக்கலாம். கணக்குப் புத்தகம் ஒன்றுதான் இருக்க முடியும். பத்து கவுண்டரும் ஒரே புத்தகத்தில் எழுத முண்டியடித்தால் வரிசை அங்கே நிற்கும். அக்கா கடையில் முகப்பும் கணக்குப் புத்தகமும் ஒரே சர்வரில் இருந்தன. முகப்பு மூச்சுத் திணறியபோது புத்தகமும் சேர்ந்து நின்றது. பணம் போய் ஆர்டர் பதிவாகாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

செலவும் உண்டு. மென்பொருள் இலவசம், அதை ஓட்டத் தெரிந்த ஆள் இலவசமில்லை. குபெர்னெட்டிஸ் சிக்கலானது. நன்றாகத் தெரிந்த பொறியாளரின் சம்பளம் அக்கா கடையின் மாத லாபத்தைத் தாண்டும். நாமே நடத்தாமல் கிளவுட் நிறுவனத்தின் சேவையாக எடுக்கலாம். அமேசானிலும் கூகுளிலும் வழக்கமான நிர்வாகக் கட்டணம் ஒரு தொகுதிக்கு மணிக்கு 10 அமெரிக்க சென்ட், அதாவது மாதம் ஏறத்தாழ 72 டாலர். கணினிகளின் வாடகை அதற்குமேல். உச்ச வரம்பு போடாமல் “கூட்டம் வந்தால் கூட்டு” என்று விட்டுவிட்டால், போலிக் கோரிக்கைகளுக்கும் சேர்த்துக் கணினிகள் கூடிக்கொண்டே போகும். மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கும்போது வயிறு கலங்கும்.

அக்கா எடுத்த முடிவு

அந்த ஞாயிறு மதியம் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். “எனக்கு ஒரு கடை, ஒரு தீபாவளி. இதுக்கு நான் துறைமுகமே வாங்கணுமா?”

வேண்டாம் என்றுதான் முடிவானது. மைவி விலைக் கொட்டேஷனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்தி மகன் கடையைக் கொள்கலனாகக் கட்டினான். ஆனால் சொந்தக் குபெர்னெட்டிஸ் அமைக்கவில்லை. கொள்கலனைக் கொடுத்தால் தானே ஓட்டிக்கொள்ளும் எளிய கிளவுட் சேவை ஒன்றில் வைத்தான். பெரிய துறைமுகத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பது போல. குறைந்தது இரண்டு நகல், அதிகபட்சம் பத்து என்று வரம்பு போட்டான். கணக்குப் புத்தகத்தைத் தனியே, தினமும் காப்புநகல் எடுக்கும் சேவைக்கு மாற்றினான். பழைய பதிப்புகளுக்குத் தேதி போட்டு வைத்தான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எந்தப் புதிய மாற்றமும் கூடாது என்று அத்தான் சட்டம் போட்டார்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போலிக் கூட்டத்தை வரவழைத்துப் பார்த்தோம். ‘லோகஸ்ட்’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரின் பொருள் வெட்டுக்கிளி. ஆயிரம் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் நுழைவதுபோல் அது பாவனை செய்யும். முதல் சோதனையிலேயே கடை தடுமாறியது. முறுக்குப் படங்கள் ஒவ்வொன்றும் தேவையில்லாமல் பெரிதாக இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. படங்களைச் சுருக்கியதிலேயே பாதிப் பாரம் குறைந்தது. அதற்கு எந்த ஒருங்கியக்கமும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் கற்றோம். நகல் கூடுவதற்குச் சில விநாடி போதும், ஆனால் அதற்கு இடம் தரும் புதிய கணினியே தேவைப்பட்டால் சில நிமிடம் ஆகும். வானொலி நேயர்கள் சில நிமிடம் காத்திருப்பதில்லை. அதனால் நான் எத்தனை மணிக்குப் பேசப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பத்து நிமிடம் முன்பே நகல்களைக் கூட்டி வைத்துவிடுவான்.

ஆம், அக்கா மறுபடி பேச அனுமதித்தார். அன்று நிகழ்ச்சியில் கடையின் பெயரைப் படித்தபோது என் கை வியர்த்தது. பாடல் ஒலிக்கத் தொடங்கியதும் கைப்பேசியைப் பார்த்தேன். அழைப்பு எதுவும் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து நானே அழைத்தேன். எடுக்கவில்லை. அரைமணி கழித்து அத்தான்தான் அழைத்தார். ஆர்டர் பட்டியலை அச்சடித்துக்கொண்டிருந்ததால் யாரும் தொலைபேசியைப் பார்க்கவில்லையாம்.

மறுநாள் காலை சித்தி மகன் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினான். இரவு எட்டேகாலுக்கு ஒரு நகல் விழுந்திருக்கிறது. அரை நிமிடத்தில் புதியது எழுந்திருக்கிறது. வாடிக்கையாளர் யாரும் புகார் சொல்லவில்லை. அவனும் அந்த நேரத்தில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போடும் முன்

உங்கள் வியாபாரத்துக்கு யாராவது இந்த நுட்பத்தை விற்க வந்தால் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். என் கூட்டம் எந்த நாட்களில், எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்த்தீர்களா? எளிய சேவை ஏன் எனக்குப் போதாது? மாதச் செலவுக்கு உச்ச வரம்பு எங்கே போடப்பட்டிருக்கிறது? பழைய பதிப்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும், என் கண் முன்னால் செய்து காட்டுவீர்களா? நீங்கள் தொழிலை விட்டுப் போய்விட்டால் என் கொள்கலன்களையும் தரவையும் நான் எடுத்துக்கொண்டு போக முடியுமா? நல்ல நிறுவனம் இவற்றுக்குச் சளைக்காமல் பதில் சொல்லும்.

தொழில்நுட்பத் துறையில் இருக்கும் இளையர்களுக்கும் ஒன்று. குபெர்னெட்டிஸைக் கற்க விலையுயர்ந்த சர்வர் வேண்டாம். ‘மினிகியூப்’ என்ற இலவச மென்பொருளைச் சொந்த மடிக்கணினியிலேயே நிறுவிப் பழகலாம். நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வு இரண்டு மணி நேரம். புள்ளி வைக்கும் கேள்விகள் இல்லை, உண்மையான கணினியில் கோளாறுகளைச் சரிசெய்து காட்ட வேண்டும். சித்தி மகன் இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பா அவனிடம் அவ்வப்போது கேட்கிறார்: “என்னப்பா, இன்னைக்கு எத்தனை பொட்டி ஏத்தினே?”